மீன் பெட்டிக்குள் வைத்த வெந்நீர்

தம்பி,

பூங்கொடியும் பாப்பாவும் வெள்ளிக்கிழமை காலை உன்னிடம் ஓசூருக்குப் புறப்படுகிறார்கள். அவள் அண்ணன் ஏழுமலை கூடவே வந்து விட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். துணிமணியெல்லாம் மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. பாப்பாவின் தூளிப் புடவை மட்டும் இன்னும் தொங்குகிறது. அதைக் கடைசியாக அவிழ்த்துக்கொள்கிறேன் என்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ பேசும்போதெல்லாம் பின்னால் மெஷின் ஓடுகிறது, யாராவது உன்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் "எல்லாம் நல்லா இருக்குதுப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பொய் இல்லை. நல்லாத்தான் இருக்கிறோம். ஆனால் எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது. சூளையில் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலத்தில்கூட இப்படி ஒரு அசதியை நான் அறிந்ததில்லை. அந்த அசதியோடு உட்கார்ந்து எழுதுவதால் இது கோர்வையாக வராது. முன்னே பின்னே இருந்தாலும் பொறுமையாகப் படி. பாதிக்கு மேல் வெந்நீரைப் பற்றித்தான் இருக்கும். கார்த்திகையிலிருந்து எனக்கு வேறு எதையும் யோசிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

பிரசவத்துக்கு அவள் பிறந்த வீட்டுக்கு, சேத்தியாத்தோப்புக்குப் போயிருக்க வேண்டும். முறை அதுதான். ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. அப்பா படுக்கையில் கிடக்கிறார். அண்ணன் விடிவதற்குள் மீன் ஏற்றக் கிளம்பிவிடுவான், அண்ணிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். "மாமா வூட்லயே இருந்துக்கறேன்" என்று அவளே சொன்னபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஒங்களால முடியுமாப்பா?" என்று கேட்டாய். முடியும் என்றேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் ஆளரவமே இல்லாமல் இருந்ததால் அப்படிச் சொல்லிவிட்டேன். ஒரு ஆம்பளை, அதுவும் மாமனார், பிள்ளை பெற்ற வீட்டில் என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்றெல்லாம் அப்போது எனக்கு எட்டவில்லை. சமையலுக்கு எதிர்வீட்டில் சொல்லிவைத்தோம். பாப்பாவைக் குளிப்பாட்ட அஞ்சலை வருவாள் என்று ஏற்பாடு. நீ ஒரு வாரம் இருந்து, பேர் வைத்து, லீவு முடிந்து போய்விட்டாய். மிச்சம் இருந்தது வெந்நீர் மட்டும்தான். அது ஒரு வேலையா என்று நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய்.

உன் அம்மா இருந்தவரைக்கும் பின்பக்கம் விறகு அடுப்பு எரிந்தது. இப்போது விறகும் இல்லை, அந்த அடுப்பும் இல்லை. காஸில் வைக்கலாமென்றால் சிலிண்டர் சொல்லி வருவதற்குள் சமையலுக்கே இழுபறியாகிறது. நீ ஒவ்வொரு தடவையும், "கீசர் வாங்கி அனுப்பறேம்பா, மாட்டிக்கோங்க" என்றாய். எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். நம் வீட்டு வயர் உன்னைவிட வயசானது, எர்த்து சரியாக இல்லை, மாடியில் தொட்டியும் கிடையாது, கீசருக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறும் என்று கேட்டுவிட்டுப் போனான். ஒரு பிளக்குக்கு மட்டும் புது வயர் இழுத்து, எர்த்து கொடுத்து, அதில் ஹீட்டர் ராடு போட்டுக்கொள்ளச் சொன்னான். அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாளே ராடு வாளியின் ஓரத்தில் சாய்ந்து, பிளாஸ்டிக் உருகி, வீடு முழுக்க நாற்றம். அதற்குப் பிறகு வாளியின் வாய்க்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, ராடு நடுவில் தொங்கும்படி செய்துகொண்டேன். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை. பூங்கொடியை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கைப்பிள்ளைக்காரி, தூக்கக் கலக்கத்தில் மறந்து கையை விட்டுவிட்டால் என்ன ஆவது என்ற பயம்.

அப்புறம் கரண்டு கட். ஊரெல்லாம் பேட்டை பேட்டையாக மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். நம் தெருவுக்கு விடிந்ததும் போகும், வெயில் ஏறிய பிறகுதான் வரும். செராமிக் பேட்டையில் யூனிட்டுகளெல்லாம் மோட்டார் ஓடாமல் சும்மா கிடந்தன. அஞ்சலையோ அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் வருவாள். அவளுக்கு இன்னும் நாலு வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. நம் வசதிக்கு அவளால் வர முடியாது. அதனால் கரண்டு போவதற்கு முன்பே நான் எழுந்து தண்ணீர் சுடவைத்தேன். அவள் வருவதற்குள் அது ஆறிப்போகும். ஆறும் என்பதால் கொதிக்கக் கொதிக்க வைத்தேன். சில நாள் அவள் சீக்கிரம் வந்துவிட்டால், அந்தக் கொதிநீரில் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதமாக்குவோம். பாதி மிஞ்சிப்போய்க் கொட்டுவோம். ஒரு நாள் அஞ்சலை காலை நீட்டி, பாப்பாவைக் கணுக்காலில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "ஏண்ணே, கோழியா உரிக்கப் போறோம்? இம்மாஞ்சூடு எதுக்கு? மொழங்கைய வச்சா இதமா இருக்கணும், அவ்ளோதான் புள்ளைக்கு." அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றுவதற்காகவா இவ்வளவு கரண்டை எரித்தேன் என்று.

அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். குளிக்கத் தேவையான அளவை முதலில் அளந்து வாளியில் பிடித்துவிட்டு அதை மட்டும் சுடவைப்பது. வாளியைத் திறந்தபடி விடாமல், ராடு போக மிச்ச வாயைத் தட்டால் மூடிவைப்பது. சாயங்காலத் துணி அலசலுக்கான தண்ணீரை மத்தியானமே குண்டானில் பிடித்து வாசல் வெயிலில் வைத்துவிட்டால், அது பாதி சூட்டை வெயிலிலேயே வாங்கிக்கொள்ளும். ராடுக்கு வேலை குறையும். நம் போர் தண்ணீர் உப்பு என்பது உனக்குத் தெரியும். சில வாரத்தில் ராடின்மேல் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்துவிட்டது. முன்னைவிட நேரம் இழுக்கிறதே என்று பார்த்தால் இதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். மறுபடி பழைய வேகம் வந்தது. கரண்டு பில்லைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. முதல் தடவை மீட்டர் பார்க்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டுப் போனதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது உண்மை. அடுத்த தடவை பாதியாக இறங்கியது. அவ்வளவு போதும் அந்தப் பேச்சு.

ஆனால் இதில் நான் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு ஒரு தடவை, பூங்கொடிக்கு ஒரு தடவை, துணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டிருந்தேன். தை பிறந்த சமயத்தில் ஒரு நாள் அவள் அறைக்குள் இருந்தபடியே, "மாமா, எனக்குன்னு தனியா வைக்க வேணாம். பாப்பா குளிச்ச மிச்சத் தண்ணியே எனக்குப் போதும்" என்றாள். போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். மாமனார் மருமகள் பேச்சு அவ்வளவுதான் இருக்கும். வாளியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு, "தண்ணி வச்சிட்டேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு நான் தெருப்பக்கம் வந்துவிடுவேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு வேலை குறைந்தது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் கண்ணை மூடினேன்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஆட்டோ பிடித்து, அஞ்சலையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவளைத் தனியாகப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். என்ன என்று என்னிடம் நேராகச் சொல்ல பூங்கொடிக்குக் கூச்சம். அஞ்சலைதான் வரும் வழியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "பால் கட்டிக்கிச்சிண்ணே. வெந்நில துணிய நனைச்சி ஒத்தடம் குடுக்கச் சொல்லியிருக்காங்க. புள்ளைக்கும் விடாம பால் குடுக்கணுமாம்." கொஞ்ச தூரம் போன பிறகு அவளே மறுபடி, "ஆனா ஒண்ணு. இந்தப் பொண்ணு பச்சத்தண்ணிலதான் குளிச்சிருக்குது. மிச்சத் தண்ணில புள்ளத் துணிய அலசிட்டு, குழாத் தண்ணிய மொண்டு ஊத்திக்குது. நானே நேத்துதான் பாத்தேன்" என்றாள். ஆட்டோவில் பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஏழுமலை போன் செய்திருக்கிறான். அவள் தூங்கியதால் அஞ்சலை எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் மீன் ஏற்றுகிற சின்ன வேனோடு நம் வாசலில் வந்து நின்றான். உனக்கு இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பேசினான்.

"மாமா, எந்தங்கச்சிக்கு அம்மா இல்லங்கற கொறையிலதான் ஒங்க வூட்ல வுட்டோம். பச்ச ஒடம்புக்காரி குழாத் தண்ணில குளிக்கிறாளாம். கரண்டு பில்லுக்குப் பயந்தீங்கன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் கட்டிட்டுப் போறேன். கெளம்பச் சொல்லுங்க, நான் அழச்சிகிட்டுப் போறேன்."

அவன் கேட்பதில் தப்பு என்ன இருக்கிறது? தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வேனிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போர்வையைச் சுற்றியிருந்தாள், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, சும்மா கத்தாத. வேணாம்னு சொன்னது நாந்தான்."

"ஏன்? நீ ஏன் வேணாங்கற?"

"இவரு தூங்கி நான் பாத்ததே இல்லண்ணே. எப்ப எழுந்து பாத்தாலும் அந்த வாளிகிட்டதான் நிக்கறாரு. அன்னிக்கி ராடு போட்டுட்டு சேர்ல உக்காந்தவரு அப்டியே அசந்துட்டாரு. தண்ணி கொதிக்குது, இவருக்குத் தெரியல. ராடு கிட்ட நான் போவக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. கத்திதான் எழுப்பினேன். எழுந்து, மன்னிச்சிக்கம்மான்னு எங்கிட்ட சொல்றாரு. எனக்கு எப்டி இருக்கும்? ஒரு வாளி கொறஞ்சா கொஞ்ச நேரம் படுப்பாருன்னுதான்..."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. ஏழுமலைதான் ஓடிப்போய்ப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, டீ இருக்குதா?" என்று கேட்டான். நான் உள்ளே போய் டீ போட்டேன். பால் பொங்கியது, அடுப்பெல்லாம் வழிந்தது. இத்தனை வயசுக்குப் பிறகு, என் தூக்கத்தை ஒருத்தி கணக்கில் வைத்திருக்கிறாள் என்பதை என்னால் சட்டென்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை, தம்பி. உன் அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. டீயைக் குடித்துவிட்டு அவன் தங்கையிடம் போய், "வரியா, இல்லியா?" என்று மட்டும் கேட்டான். "இல்லண்ணே, இங்கியே இருக்கேன்" என்றாள். சரி என்று வேனை எடுத்தான்.

மூன்று நாலு நாள் கழித்து மறுபடி வந்தான். இந்தத் தடவை கையில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற பெட்டி. சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான். "இதுல ஐஸ போட்டா மறுநாள் வரைக்கும் கரையாம இருக்குது மாமா. வெளி சூடு உள்ள போவலன்னா, உள் சூடு மட்டும் எப்டி வெளிய போவும்? வச்சிப் பாருங்க" என்றான். உன் அம்மாவின் பித்தளைக் குண்டான் பெட்டிக்குள் அடங்கவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு இரண்டு சரியாக உட்கார்ந்தது. சுற்றிலும் இடைவெளியில் பழைய துணியைத் திணித்து, பெட்டியை மூடி, மேலே ஒரு கம்பளியும் போட்டோம். கரண்டு போவதற்கு முன் ஒரே தடவையாகச் சூடாக்கி ஊற்றி வைத்தது, அஞ்சலை வந்து திறந்தபோது ஆவி பறந்தது. அவளே கையை உதறிவிட்டு, "அடியாத்தி" என்றாள். பாப்பாவுக்கும் போதும், பூங்கொடிக்கும் போதும், ஒத்தடத்துக்கும் தனியாக ஒரு சொம்பு எடுத்துவைக்கலாம். முதல் சில நாள் குளியலறையில் மீன் வாடை அடித்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்து போகும். பூங்கொடி காய்ச்சலுக்குப் பிறகு சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

அதோடு அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள். "ராடு போடறது ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான். நான் சின்னப் புள்ள இல்ல மாமா, ஒங்க புள்ளைக்கே புள்ள பெத்தவ" என்றாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பிளக்கைப் பிடுங்காமல் கையை விடமாட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அவள் முறை வருகிற நாளில் நான் படுத்தே கிடப்பேன். தூக்கம் வராது. சுவிட்ச் சத்தம் கேட்கிறதா, அணைத்துவிட்டாளா என்று காது அங்கேயே இருக்கும். இருந்தாலும் படுத்துக் கிடப்பதே சுகமாக இருந்தது.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் கீசர் போட்டிருக்கிறார் என்றாய், நல்லது. ஓசூர்க் குளிருக்கு வேண்டியதுதான். முதலில் எர்த்து இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார். சூட்டை முழுசாகத் திருப்பி வைக்காதே, நடுவில் வை. கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணீர் கலக்குவது என்னைப் போல முட்டாள் வேலை. காலையில் போட்டுவிட்டு ராத்திரி வரைக்கும் அப்படியே விட்டுவிடாதே. தண்ணீர் ஆற ஆற அது தானாகவே மறுபடி சுடவைத்துக்கொண்டே இருக்கும், யாரும் குளிக்காமலே மீட்டர் ஓடும். குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, அதிலிருக்கிற சின்ன விளக்கு அணைந்ததும் சுவிட்சை நிறுத்தி, வாளியில் பிடித்துக் குளியுங்கள். ஷவரைத் திறந்துவிட்டால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. அங்கேயும் உப்புத் தண்ணீர்தான் என்றால், ஆளைக் கூப்பிட்டு உள்ளே சுத்தம் செய்துகொள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் உடனே குளித்துவிட வேண்டும். ஒரே சூட்டில் மூன்று பேர் வேலையும் முடிந்துவிடும். நீ உன் ஷிப்டுக்குத் தகுந்தபடி ஒரு நேரம் குளித்துவிட்டுப் போய், அவள் வேலையெல்லாம் முடித்து மத்தியானம் மிச்சம் இருப்பதை ஊற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டால், அதில் கரண்டும் வீண், அவளும் வீண். அவள் எழுந்திருக்கும்போது நீயும் எழுந்திரு. நீ பாப்பாவை வைத்துக்கொள், அவள் முதலில் குளிக்கட்டும். பாப்பாவைக் குளிப்பாட்ட அங்கே அஞ்சலை இல்லை. நீ தண்ணீர் ஊற்று, அவள் தேய்க்கட்டும். கடைசியாக நீ குளி. தண்ணீர் போதாமல் போனால் உனக்குப் போதாமல் போகட்டும். அவள் போதும் என்று சொன்னால் நம்பாதே. போதும் என்பது அவளுக்கு வாயில் வருகிற வார்த்தை. கையை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள். நான் மாமனார், என்னால் அது முடியாது. நீ புருஷன், உன்னால் முடியும்.

நேற்று அவள் என்னையும் கூப்பிட்டாள். "நீங்களும் வந்துடுங்க மாமா, இங்க தனியா இருந்து என்னா பண்ணப்போறீங்க?" என்றாள். அவள் மனசோடுதான் கூப்பிட்டாள். அது தெரியும். வைகாசியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கட்டாயம் வருவேன். பாப்பா குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருக்கும். ஆனால் இப்போது வேண்டாம். வந்தால் அங்கேயும் எனக்குத்தான் முதலில் முழிப்பு வந்துவிடும், கீசர் சுவிட்சின் கீழ் போய் நிற்பேன். உங்கள் வீட்டில் நீங்கள் இருவரும் பழக வேண்டியதை நான் செய்துகொண்டிருப்பேன். அது உனக்கும் நல்லதில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் உனக்கு ஒரு போன் அடித்துச் சொல்லிவிடுகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு நேரத்தோடு போய் நில், பை இரண்டு கனமாக இருக்கும். அவர்கள் வந்து சேர்ந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று நீ திரும்பத் திரும்ப போன் அடிப்பாய். நான் எடுக்கவில்லை என்று பயந்து, எதிர்வீட்டுக்காரரை ஓடிவந்து பார்க்கச் சொல்லாதே. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பேன்.

அப்பா